சூட்டறை டின்களின் காலை எடை

மே மாதத்தில் மாட்டுங்காவில் மூன்றாவது மாடி அறையில் படுத்து எழுந்த ஒருவரிடம் போய், ராத்திரியில் யாருக்கும் வியர்க்காது என்று சொல்லிப் பாருங்கள். தலையணை உறையைக் கழற்றிக் கையில் கொடுப்பார். எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஏழு பேர், ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறிக்கு நேர் கீழே யார் படுப்பது என்பதில் தினமும் சண்டை. அப்படி வளர்ந்த நான், செடி மட்டும் சூரியன் மறைந்ததும் குழாயை மூடுவதுபோல் மூடிக்கொண்டு விடும், விடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகாது என்று இருபத்திரண்டு வயதில் முழு மனதோடு நம்பினேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. இலையின் நுண்துளைகள் இருட்டில் மூடிக்கொள்கின்றன, ஆகவே இரவில் நீரிழப்பு இல்லை என்றே கொள்ளலாம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

இரவுச் சூடு கூடினால் பயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். பழைய ஆட்கள் ஆளுக்கு நாலு பக்கம் அனுபவம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் தாங்கள் சாதித்ததை நன்றாக எழுதுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் எழுதப்போவது நான் செய்த ஓர் அசிங்கம். இதை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல வாய் கூசிற்று. இப்போதும் கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், செம்பூரைத் தாண்டி மான்குர்த் போகும் வழியில் இருந்த ஒரு சிறிய பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்குத் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. பி.எஸ்ஸி. தாவரவியல். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம், அப்பா ரயில்வே ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. எனக்கு அங்கே பெரிய மதிப்பு எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? என் கையெழுத்தால். எங்கள் அதிகாரிக்கு அழகான கையெழுத்தின் மேல் அப்படி ஒரு மோகம். நான் சேர்ந்த இரண்டாவது வாரமே ஃபேர் நோட்டு என் பொறுப்புக்கு வந்துவிட்டது.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், உங்களுக்கு அந்த வழக்கமே தெரியாது. தோட்டத்தில் அளவு எடுப்பவர் ரஃப் நோட்டில் பென்சிலால் எழுதுவார். அதில் மண் ஒட்டியிருக்கும், மழைத்துளி பட்டிருக்கும். அதைப் பார்த்து ஃபேர் நோட்டில் மையால் கோடு போட்டு அழகாக எழுதவேண்டும். வாரக் கடைசியில் அதிகாரி ஃபேர் நோட்டில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து ஆகிவிட்டால் ரஃப் நோட்டை யாரும் தேடமாட்டார்கள், அது பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லோரும் இப்படிச் செய்துதான் பழக்கம் என்பதால் யாருக்கும் இதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

அந்தக் குளிர்காலத்துச் சோதனை சோளத்தில். பெரிய வனஸ்பதி டின்களில் மண் நிரப்பி, டின்னுக்கு ஒரு செடி. மண்ணிலிருந்து ஈரம் நேராகக் காற்றுக்குப் போகாமல் இருக்க மேலே மெழுகு ஊற்றி அடைத்திருந்தோம். ஆகவே டின்னின் எடை குறைந்தால், அது செடி வழியாகப் போன தண்ணீர். மொத்தம் இருபத்துநான்கு டின். பகலில் எல்லாம் வெயிலில் ஒன்றாக நிற்கும். சூரியன் மறைந்ததும் எல்லாவற்றையும் எடைபோட்டு, பன்னிரண்டை வெளியே பனியில் விட்டுவிட்டு, பன்னிரண்டை ஒரு செங்கல் அறைக்குள் கொண்டுபோய் வைப்போம். அந்த அறைச் சுவருக்கு வெளிப்பக்கம் இரவெல்லாம் கரி அடுப்பு எரியும். புகை உள்ளே வராது, சூடு மட்டும் வரும். அதற்குச் சூட்டறை என்று பெயர் வைத்திருந்தோம். விடியுமுன் மறுபடி எடை. சூடான இரவு சோளத்தின் வளர்ச்சியை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். எடை போடுவது செடிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றவேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். இரவு நீரிழப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம்தான் வரப்போகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

எடை போட்டவர் காசிம் பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் குடும்பம். நாற்பது வயதிருக்கும். அதற்குமுன் பன்னிரண்டு வருஷம் தாராவியில் ஒரு தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். ஆரம்பத்தில் சுண்ணாம்புத் தொட்டியில், பிறகு தோல் எடைபோடும் இடத்தில், ஆள் குறைந்தபோது திரும்பவும் தொட்டியில். சுண்ணாம்பு அவர் கைகளைத் தின்றிருந்தது. விரல் மடிப்பெல்லாம் வெடித்து, குளிர்காலத்தில் ரத்தம் கசியும். இனிமேல் சுண்ணாம்பில் கை வைத்தால் விரல்கள் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் எங்கள் பண்ணையில் தினக்கூலிக்கு வந்தார். மூன்று வருஷமாகத் தினக்கூலி. அந்த வருஷம் எடையாள் வேலை ஒன்று பர்மனென்ட் ஆகப்போகிறது என்று பேச்சு வந்ததிலிருந்து அவர் நடையே மாறியிருந்தது.

அவர் எடைபோடுவதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருப்பார். டின்னைத் தொடுமுன் அந்த எண்ணெயைத் துணியால் அழுத்தித் துடைப்பார், வெடிப்பு வலிக்க வலிக்க.

"இருக்கட்டுமே பாய், எதுக்குத் துடைக்கறேள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எண்ணெய் டின்னுல ஒட்டுனா அதுவும் எடைதானம்மா," என்றார்.

ரஃப் நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு சொல் எழுதிவைப்பார். 'பனி' என்று இருக்கும். 'காத்து' என்று இருக்கும். சில நாள் 'கரி அதிகம்'. ஃபேர் நோட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. அதனால் நான் அதை விட்டுவிடுவேன்.

மாலை எடையின்போது நானும் இருப்பேன். காலை எடைக்கு நான் போக வழியில்லை, கல்யாணம் ஆகாத பெண் இருட்டில் செம்பூர் வண்டி ஏறுவதை எங்கள் வீட்டில் நினைத்தே பார்க்கமாட்டார்கள். ஆகவே காலை எடை முழுக்க முழுக்க அவர் ஒருவர் கையில். அதுதான் என் மனதில் பூச்சியாக நுழைந்தது.

ஏனென்றால் சூட்டறை டின்கள் இரவில் எடை குறைந்தன. ஒரு நாள் முப்பது கிராம், ஒரு நாள் ஐம்பது. முதல் இரண்டு நாள் தராசில் கோளாறு என்று நினைத்தேன். தராசைச் சரிபார்த்தார்கள், தராசில் ஒன்றும் இல்லை. அப்படியானால் இரண்டே வழி. புத்தகம் தப்பு, இல்லாவிட்டால் காசிம் பாய் விடியுமுன் வருவதில்லை. வெயில் ஏறியபின் நிதானமாக வந்து எடைபோட்டுவிட்டு, விடியுமுன் போட்டதாக எழுதுகிறார். இதில் எதை நம்புவது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பதை இப்போது எழுதும்போது எனக்கே முகம் சுடுகிறது.

அது ரம்ஜான் மாதம் வேறு. பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருப்பவர். மாலை எடை போடும்போதே நோன்பு திறக்கும் நேரம் வந்துவிடும். சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இருபத்துநான்காவது டின் முடிந்தபிறகுதான் தண்ணீர்ப் பானைக்குப் போவார். இத்தனை களைப்பில் இவர் எங்கே விடிகாலையில் எழுந்திருக்கப்போகிறார் என்று நான் கணக்குப் போட்டேன். நோன்பு வைப்பவர்கள் விடியுமுன்பே எழுந்து சாப்பிட்டாகவேண்டும், அந்த மாதத்தில் ஊரிலேயே முதலில் கண் விழிப்பவர்கள் அவர்கள்தான் என்பது எனக்குத் தெரியாது. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் ஒரு ரயில் பாதைதான் இருக்கிறது. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

கேட்பதற்குப் பதில் துப்பறியப் போனேன். ஒருநாள் அண்ணனைத் துணைக்கு இழுத்துக்கொண்டு முதல் வண்டிக்கு அடுத்த வண்டியில் போனேன். ஏழரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் பண்ணை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே கேட்டுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் காசிம் பாய் உட்கார்ந்திருந்தார். வேட்டியின் கீழ்விளிம்பு முழங்கால்வரை நனைந்து, புல் விதை அப்பியிருந்தது.

"என்னம்மா இவ்வளவு வெள்ளன வந்துருக்கிய?" என்று எழுந்து நின்றார்.

"இப்பத்தான் வரேளா பாய்?"

"எடை போட்டாச்சும்மா. நோட்டு மேசையில இருக்கு."

நான் நம்பவில்லை. இப்போதுதான் வந்து, என்னைப் பார்த்ததும் சமாளிக்கிறார் என்று முடிவு கட்டினேன். நனைந்த வேட்டியைப் பார்த்தேன், புல் விதையைப் பார்த்தேன். பனியில் நனைந்த புல்லுக்குள் இருட்டில் அலைந்தவனுக்குத்தான் அப்படி நனையும் என்று ஒரு தாவரவியல்காரிக்கு உறைக்கவில்லை.

அன்று மாலை அவரிடம் நேராகவே கேட்டேன். சூட்டறை டின் மட்டும் எப்படிக் குறையும் என்று. அவர் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னார்.

"பச்சத் தோலு அப்படித்தானம்மா. சாயங்காலம் எடை போட்டு வச்சு, காலையில போட்டா கொறஞ்சிருக்கும். குளுந்த ராத்திரின்னா கொஞ்சம், வெக்கையான ராத்திரின்னா நிறைய. மொதலாளிமாரு அதுக்காவவே சாயங்காலம் எடை போட்டு விப்பாவ, காலையில எடை போட்டு வாங்குவாவ."

"அது செத்த மாட்டுத் தோல் பாய். இது உயிருள்ள செடி."

"உசுரு இருந்தா இன்னும் கூடுதலா மூச்சு விடும்லா?"

முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இன்னும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோல் என்ற சொல்லைக் கேட்டதுமே என் மூக்கு சுருங்கிற்று. எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. ஒரு தோல் தொட்டிக்காரர் என் புத்தகத்துக்கு எதிராக மாட்டுத் தோலைக் கொண்டுவந்து நிறுத்துவதா என்று இருந்தது. அவர் வேறு எதையாவது உதாரணம் சொல்லியிருந்தால் ஒருவேளை நின்று கேட்டிருப்பேன். விஞ்ஞானம் படித்தவள் என்று சொல்லிக்கொள்ளும் நான், ஒரு சரியான விளக்கத்தை வாடைக்காகத் தள்ளினேன்.

அதன்பிறகு ஃபேர் நோட்டில் கை வைத்தேன். எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தப்பைத் திறமைசாலிகள்தான் செய்வார்கள். அவர் லேட்டாக வந்ததால்தானே பகலில் போன தண்ணீர் இரவுக் கட்டத்தில் விழுந்திருக்கிறது? அப்படியானால் அதை அதன் இடத்தில் சேர்த்துவிடவேண்டியதுதான். இரவுக் கட்டத்தில் பூஜ்யம் போட்டு, அந்த கிராமைப் பகல் கட்டத்தில் கூட்டி எழுதினேன். ஒரு நாளின் மொத்தம் அப்படியே இருக்கும், ஒரு கிராம் கூடாது, குறையாது. யார் கூட்டிப் பார்த்தாலும் சரியாக வரும். நான் பொய் எழுதுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. காசிம் பாயின் பொய்யைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் இப்படி எழுதினேன், அதிகாரி ஒவ்வொரு வாரமும் பார்த்து, பேஷ் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் பர்மனென்ட் ஆக்கவேண்டியவர்களின் பட்டியல் மேசைக்கு வந்தது. எடையாள் பற்றி ஒருவரி எழுதிக்கொடு என்று அதிகாரி என்னிடம் கேட்டார். தினமும் கூடவே இருப்பவள் நான்தானே. ஒரு துண்டுத் தாள் எடுத்து, என் அழகான கையெழுத்தில், காலை எடைகள் குறித்த நேரத்தில் எடுக்கப்படுவதாகத் தெரியவில்லை என்று எழுதினேன். கோபத்தில் எழுதவில்லை. நியாயமாக எழுதுகிறேன் என்ற திருப்தியோடு எழுதினேன்.

காசிம் பாய்க்கு அது தெரியாது. ஆனால் நான் அவரை நம்பவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு நாளு நீங்களே இருந்து எடை போட்டுப் பாருங்கம்மா. நான் தராசத் தொடவே மாட்டேன்."

சரி, இவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன். வீட்டில் அம்மா ஒரே ரகளை. கடைசியில் அப்பா தானும் வருவதாகச் சொன்னபிறகு அடங்கினாள். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஃபிளாஸ்கில் காப்பியோடு, ஒரு ரயில்வே தலைமைக் குமாஸ்தா சோளச் செடிக்குக் காவல் இருக்க வந்தார்.

சூரியன் மறைந்ததும் இருபத்துநான்கு டின்னையும் நானே எடைபோட்டேன். அறைக்குள் வைத்ததும் நானே பூட்டினேன், சாவி என் இடுப்பில். காவலாளியின் கொட்டகையில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். காசிம் பாய் சுவருக்கு அந்தப் பக்கம் கரி போட்டுக்கொண்டு, ஒரு சாக்கின் மேல் படுத்திருந்தார். ரம்ஜான் தொடங்கிய நாளிலிருந்தே அவர் வீட்டுக்குப் போகாமல் அங்கேதான் படுக்கிறார் என்று காவலாளி சாதாரணமாகச் சொன்னார். விடியுமுன் சாப்பிட்டுவிட்டு எடை போட வசதி என்பதற்காகவாம். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஃபிளாஸ்கைத் திறப்பதில் மும்முரமாக இருந்தேன்.

வானம் வெளுக்க இன்னும் நேரம் இருக்கும்போது காசிம் பாய் எழுந்து டிபன் டப்பாவைத் திறந்தார். சாப்பிடுமுன் இரண்டு பேரீச்சம்பழத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். எங்கள் அப்பா வெளியில் தண்ணீர்கூட யோசித்துக் குடிப்பவர். அதை வாங்கிச் சாப்பிட்டார், கொட்டையைத் துப்பாமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

பிறகு நான் அறையைத் திறந்தேன். உள்ளே முகத்தில் அடித்த காற்று மே மாதத்து எங்கள் வீட்டு அறை போலவே இருந்தது. முதல் டின்னைத் தராசில் வைத்தேன். எடைக்கல் பக்கம் கீழே போயிற்று. கல்லைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். நாற்பது கிராம். அடுத்தது முப்பத்தைந்து. அடுத்தது ஐம்பது. வெளியே பனியில் நின்ற டின்கள் ஏறக்குறைய மாறவே இல்லை. சாவி என் இடுப்பில் இருந்தது. இலைகளின் மேல் பூச்சி இல்லை, டின்னில் ஓட்டை இல்லை, சூரியன் இன்னும் வரவில்லை. காசிம் பாயின் மூன்று வாரத்து எண்களைப் போலவே என் எண்களும் இருந்தன.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார், சொன்ன வாக்குப்படி உள்ளே வரவில்லை.

"செரியா வருதாம்மா?" என்று கேட்டார்.

"வருது பாய்," என்றேன்.

அவர் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. நிம்மதி மட்டும்தான் இருந்தது. இனி பர்மனென்ட்டுக்குத் தடையில்லை என்று நினைத்திருப்பார். திரும்பிப்போய் அடுப்பின் கரியைத் தட்டி அணைத்தார்.

வண்டியில் திரும்பும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யங்களையும், அந்தத் துண்டுத் தாளையும். அவர் ரஃப் நோட்டை வாங்கிப் பக்கங்களைத் திருப்பினார். செடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்.

"ஏன்டீ, வெளில இருக்கற டின் ஒண்ணும் கொறையலையே," என்றார். "லேட்டா வந்து எடை போட்டிருந்தா இதுவும்னா கொறஞ்சிருக்கணும்?"

மூன்று வாரமாக ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில், என் கண் முன்னால் இருந்த விஷயம். உறுத்திய எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், உறுத்தாதவை எனக்குப் பதில் வைத்திருந்தன. குமாஸ்தாவுக்குக் குர்லா வருவதற்குள் தெரிந்துவிட்டது.

"இப்ப என்னப்பா பண்றது?" என்றேன்.

அவர் நோட்டை மூடி என் மடியில் வைத்தார். "நீ டெம்பரரி. கையெழுத்து ஆன நோட்டு. அத்தத் திறந்தா மொதல்ல உன் வேலைதான் போகும்," என்றார். பிறகு, "நீயே யோசிச்சுக்கோ," என்றார்.

பழியை அப்பாவின் மேல் போட்டுத் தப்பிக்க எனக்கு எத்தனையோ தடவை ஆசை வந்திருக்கிறது. அது நியாயமில்லை. எனக்கு எந்தப் பதில் வேண்டியிருந்ததோ அதை அவர் சொன்னார், அவ்வளவுதான். அதிகாரியின் அறைக் கதவு மறுநாள் திறந்தே கிடந்தது. துண்டுத் தாள் அவர் மேசையில் கல்லுக்கு அடியில் இருந்தது, வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. உள்ளே போய், நான் எழுதியது தப்பு, நேற்று நானே எடை போட்டேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அப்படிச் சொன்னால் ஃபேர் நோட்டில் பூஜ்யம் எப்படி வந்தது என்று அவர் கேட்பார். மதியம்வரை மூன்று முறை அந்த வாசலைத் தாண்டிப் போனேன். நாலாவது முறை போனபோது பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது. என் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ரஃப் நோட்டைப் பழைய பேப்பரில் போடவில்லை. நல்ல எண்ணத்தில் என்று நினைக்காதீர்கள், வேறு யார் கையிலாவது சிக்கிவிடும் என்ற பயத்தில் வீட்டுக்கு எடுத்துப்போய் என் பெட்டியில் துணிக்கடியில் வைத்தேன்.

பெருநாள் முடிந்த வாரம் காசிம் பாயின் பெயர் பட்டியலில் இல்லை என்று தெரிந்தது. மாதக் கடைசியோடு தினக்கூலியும் நின்றது. அவர் கிளம்பிய அன்று நான் லீவ் போட்டிருந்தேன். அது தற்செயல் இல்லை. மறுநாள் போனபோது கொட்டகை ஆணியில் அவருடைய டிபன் டப்பா தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனோடு, விசாரித்துக்கொண்டே தாராவியில் அந்தத் தோல் பதனிடும் இடத்துக்குப் போனேன். போவதற்குமுன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். வாசலில் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான். நான் உள்ளே போனேன்.

அவர் தொட்டியில்தான் நின்றார். எடைபோடும் இடத்தில் வேறு ஆள் இருந்தார். கைகளில் கந்தல் சுற்றி, அதன்மேல் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டவர்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்க ஏம்மா இங்கெல்லாம் வாரிய? சொல்லி விட்டா நானே வந்துருப்பேன்லா."

டப்பாவை நீட்டினேன். வாங்கக் கை நீட்டியவர், கையைப் பார்த்துவிட்டு, "அந்த ஆணில மாட்டுங்கம்மா," என்றார். மாட்டினேன்.

"செடி எப்படி இருக்கு? கருது பிடிச்சிருச்சா?"

"பிடிச்சுடுத்து பாய். சூட்டறைச் செடில மணி சிறுசா இருக்கு."

"இருக்கும்லா. ராத்திரியெல்லாம் உறங்காமக் கெடந்தா எங்கிட்டு ஒடம்பு ஊறும்," என்றார். இன்று நீங்கள் கருவி வைத்து அளக்கும் விஷயத்தில் முக்கால்வாசி அதுதான். சூடான இரவில் செடி தண்ணீரையும் இழக்கிறது, பகலில் சேர்த்த சாப்பாட்டையும் மூச்சுவிட்டே செலவழிக்கிறது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, எதுக்கு என் பேரு வரலன்னு தெரியல. யாரோ நான் நேரத்துக்கு வரதில்லன்னு பெரிய சாப்கிட்ட சொல்லிருக்காவளாம், காவக்காரரு சொன்னாரு. நீங்க அன்னைக்கு ராத்திரி கூடவே இருந்தியள்லா, கண்ணால பாத்தியள்லா? நீங்க ஒரு வார்த்த சாப்கிட்ட சொன்னாப் போதும். எடை சரிதான்னு."

என் வாயில் நாக்கு இருந்தது. அந்த யாரோ நான்தான் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் பின்னால் கட்டியிருந்த கைகளிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்றேன் பாய்," என்றேன்.

"ரொம்ப உபகாரம்மா," என்றார்.

சொல்லவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அதே சோதனையை மறுபடி செய்ய வைத்தேன், இந்தமுறை அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு எடையை நானே போட்டேன். இரவு நீரிழப்பு உண்டு என்று அறிக்கை எழுதினேன், என் பெயரில் வந்தது. நான் பர்மனென்ட் ஆனேன். பிறகு ஒருமுறை தாராவிக்குப் போய்க் கேட்டபோது காசிம் பாய் கைகள் முடியாமல் போய்க் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று சரியாகச் சொல்ல அங்கே ஆள் இல்லை. நானும் அதற்குமேல் தேடவில்லை.

அந்த ரஃப் நோட்டை இந்தப் பக்கங்களோடு சேர்த்து அனுப்புகிறேன். பென்சில் மங்கியிருக்கிறது, படிக்க முடியும். உங்களில் யாராவது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். எண்களை அப்படியே ஏற்றுங்கள், 'பனி', 'காத்து', 'கரி அதிகம்' என்று எழுதியிருப்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் காசிம் என்று எழுதுங்கள். முழுப் பெயர் எனக்குத் தெரியாது, மூன்று வருஷம் வேலை பார்த்த மனிதரின் முழுப் பெயரை நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

ஒரு வார்த்தை சொல்வதாக அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். கேட்கவேண்டிய அதிகாரி போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது, ஆகவே உங்களிடம் சொல்கிறேன். அன்று இரவு நான் கூட இருந்தேன், கண்ணால் பார்த்தேன். காசிம் பாய் நேரத்துக்கு வந்தார். அவர் போட்ட எடை சரிதான்.